முடி உதிர்வுக்கும் முக வெளுப்புக்கும் காய்கனிகள்: பரிசோதனை, செலவு, கால அளவு

தலை வாரினால் சீப்போடு முடி கொத்தாக வருகிறது, முகம் வெளுத்திருக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இவற்றைக் காய்கனிகளைக் கொண்டே சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நினைப்பில் தவறில்லை, எதை முதலில் செய்வது என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறோம். நானும் விழுந்தேன். ஏழு மாதங்கள் தினமும் காலையில் பீட்ரூட் சாறு குடித்தேன். மாதுளைக்கு மட்டும் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்தேன். ஓர் அழகு நிலையத்தில் சொன்னார்கள் என்று எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு, உச்சி வெயிலில் வண்டி ஓட்டிப் போய், இரண்டு கன்னங்களிலும் கருந்திட்டுகளோடு தோல் மருத்துவர் முன் போய் உட்கார்ந்தேன். அவர் கன்னத்தைப் பார்த்ததைவிடக் கீழிமையை இழுத்துப் பார்த்த நேரமே அதிகம். பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.7 என்று வந்தது. ஏழு மாதச் சாறு எங்கே போயிற்று என்று அன்றைக்குத்தான் கேட்கத் தொடங்கினேன். அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளையே கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

1. சந்தைக்குப் போகுமுன் இரத்தத்தைப் பரிசோதியுங்கள்

முடி உதிர்வுக்கும் சோர்வுக்கும் இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, அண்மையில் வந்துபோன காய்ச்சல், பிரசவம், பட்டினி கிடந்து எடை குறைத்தது எனப் பல காரணங்கள் உண்டு. இவற்றுள் உங்களுடையது எது என்று தெரியாமல் வாங்கும் பழம் உடம்புக்கு நல்லதாக இருக்கலாம், உங்கள் குறைக்கு மருந்தாக இருக்காது. மருத்துவரைப் பார்த்து, முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டு ஆகிய மூன்றும் தேவையா என்று கேளுங்கள். கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் (100 மில்லிலிட்டர்) இரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழும், ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழும் இருந்தால் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். இது அரிய நோய் என்று எண்ணிவிட வேண்டாம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருந்தது.

ஃபெரிட்டின் என்பது உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டுவது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இது வற்றிப்போயிருக்கக்கூடும். ஆகவே ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரியென்று வந்துவிடாதீர்கள்.

ஹீமோகுளோபின் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தனியார் ஆய்வகத்தில் முழு இரத்த எண்ணிக்கைக்கு 300 ரூபாயும், ஃபெரிட்டினுக்கு 650 ரூபாயும், தைராய்டுக்கு 400 ரூபாயும் கொடுத்தேன். ஊருக்கு ஊர் இது மாறும். பெரும்பாலும் அன்று மாலையோ மறுநாளோ முடிவு கிடைத்துவிடும்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். உடம்பு தேறிய பிறகு போங்கள். அடுத்தது, முடி வளர்வதற்கென்று கடையில் வாங்கி விழுங்கும் பயோட்டின் மாத்திரை. தைராய்டு உள்ளிட்ட சில பரிசோதனைகளின் முடிவுகளை அது திரித்துவிடும். எத்தனை நாளுக்கு முன் அதை நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, இரத்தம் எடுப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. தைராய்டு பரிசோதனையை இரண்டு முறை செய்து 400 ரூபாயை வீணாக்கினேன்.

2. எடுத்துச் செல்ல வேண்டிய தாள்கள்

ஒரு பிளாஸ்டிக் உறையில் இவற்றைப் போட்டு வையுங்கள்: பழைய பரிசோதனை முடிவுகள், இப்போது விழுங்கும் எல்லா மாத்திரைகளின் பெயர்கள் (அட்டையை அப்படியே எடுத்துச் செல்வது இன்னும் நல்லது), பெண்களானால் கடைசி மூன்று மாதவிடாய்த் தேதிகளும் எத்தனை நாள் நீடித்தது என்ற குறிப்பும், அரசு மருத்துவமனையானால் ஆதார் அட்டையும் பழைய புறநோயாளி சீட்டும். இவற்றோடு, ஒரு வாரம் என்னென்ன சாப்பிட்டீர்கள், எப்போது காபி, தேநீர் குடித்தீர்கள் என்று எழுதிய ஒரு தாளும் இருக்கட்டும். என் மருத்துவர் மற்ற எல்லாவற்றையும்விட அந்தக் கடைசித் தாளைத்தான் நெடுநேரம் பார்த்தார். என் சிக்கலும் அதில்தான் இருந்தது. ஐந்தாம் படியில் அதைச் சொல்கிறேன்.

மாத்திரைப் பட்டியல் ஏன் என்றால், காய்கனிகள் சில மருந்துகளோடு மோதும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் திடீரென்று தினமும் கீரை உண்ணத் தொடங்கினால், கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு வாழைப்பழம், இளநீர், கீரை ஆகியவற்றிலுள்ள பொட்டாசியம் ஆபத்தாகலாம். நட்சத்திரப் பழத்தை அவர்கள் தொடவே கூடாது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டு பாகற்காய்ச் சாற்றையும் சேர்த்துக் குடிப்பவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து போகக்கூடும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பசலை போன்ற கீரைகளைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். இவர்களில் நீங்கள் ஒருவரானால், மருத்துவரிடம் பேசாமல் மேற்கொண்டு எதையும் தொடங்காதீர்கள்.

ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரத்தசோகை இருந்தால் உள்ளே எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்ப்பது அவசியம். மூலமோ வயிற்றுப் புண்ணோ இருந்தால் எத்தனை கட்டுக் கீரை உண்டாலும் ஓட்டைப் பானையில் நீர் ஊற்றிய கதைதான்.

3. நிறத்தை நம்பாமல் பட்டியல் எழுதுங்கள்

சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தம் ஊறச் செய்யும் என்ற நம்பிக்கையில்தான் என் ஏழு மாதங்கள் போயின. பீட்ரூட்டின் சிவப்பு பீட்டாலைன் என்னும் நிறமியால் வருவது. அதற்கும் இரும்புக்கும் தொடர்பில்லை. 100 கிராம் பீட்ரூட்டிலும் சரி, 100 கிராம் மாதுளை முத்துகளிலும் சரி, 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த பரிந்துரைப்படி வளர்ந்த பெண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை. ஒரு குவளைச் சாறு அதில் எந்த மூலைக்கு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பீட்ரூட்டில் ஃபோலிக் அமிலமும், மாதுளையில் வேறு நன்மைகளும் உண்டு. பிடித்தால் சாப்பிடுங்கள், இரும்புக்கென்று வாங்காதீர்கள்.

என் பட்டியல் இப்போது இப்படி இருக்கிறது. இரும்புக்கு முளைக்கீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை ஆகியவற்றில் ஒன்று, வாரத்தில் நான்கு நாள். கூடவே கொள்ளு, தட்டைப்பயறு, கேழ்வரகு போன்றவை, ஏனெனில் காய்கனிகள் மட்டும் 29 மில்லிகிராமை எட்டவே எட்டாது. அசைவம் உண்பவர்களுக்கு ஈரலும் மீனும் இதை எளிதாக்கும். வைட்டமின் சிக்குக் கொய்யாவும் நெல்லிக்காயும். கொய்யா 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. ஆரஞ்சில் அதில் நான்கில் ஒரு பங்குதான். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் உருவாக வைட்டமின் சி வேண்டும். கீரையின் இரும்பை உடம்பு ஏற்கவும் அதுவே வேண்டும். ஒரே பழம் இரண்டு வேலையையும் பார்ப்பதால், ஒன்றை மட்டும் வாங்கப் பணம் இருந்தால் கொய்யாவை வாங்குங்கள் என்பேன். தோலுக்கும் கண்ணுக்கும் தேவையான வைட்டமின் ஏவாக உடம்பில் மாறும் பீட்டா கரோட்டினுக்கு முருங்கைக் கீரை, காரட், மஞ்சள் பூசணி, பப்பாளி, மாம்பழம்.

மொத்த அளவு எவ்வளவு? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், நாளொன்றுக்குக் கீரை உட்பட ஏறத்தாழ 400 கிராம் காய்களும் 100 கிராம் பழமும் உண்ணச் சொல்கிறது. உருளைக்கிழங்கை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

4. வாங்கும் இடமும் விலையும்

அந்த அளவுப்படி ஒருவருக்கு வாரத்துக்கு மூன்றரைக் கிலோ வேண்டும். தோல், காம்பு, அழுகல் போக நாலரைக் கிலோ வாங்கினால் சரியாக இருக்கும். நான் மதுரை அண்ணா நகர் உழவர் சந்தையில் வாங்குகிறேன். அங்கே அன்றைய விலையைப் பலகையில் எழுதிவைப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனால் பேரம் பேசும் வேலை மிச்சம். காலை ஆறு மணிக்குப் போனால் கீரை ஈரம் காயாமல் கிடைக்கும், ஒன்பதுக்கு மேல் வாடலும் மிச்சமும்தான்.

நான் கொடுத்த விலைகள்: கீரைக் கட்டு 10 முதல் 15 ரூபாய், கொய்யா பருவத்தில் கிலோ 50, நெல்லிக்காய் 70, பப்பாளி 35, காரட் 50 முதல் 70 வரை. ஒருவருக்கு வாரத்துக்கு 200 முதல் 250 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. மாதுளைக்கும் பொட்டலத்தில் வரும் சாறுகளுக்கும் நான் முன்பு கொட்டியதில் இது பாதிகூட இல்லை. முருங்கைக் கீரைக்குப் பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் தெருவில் மரம் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்டால் ஒடித்துக்கொடுக்காதவர்கள் குறைவு.

பருவம் பார்த்து வாங்குங்கள். மழைக்குப் பின் வரும் மாதங்களில் பழனி ஆயக்குடியிலிருந்து கொய்யா வந்து குவியும். நெல்லிக்காய் கார்த்திகை, மார்கழியில் மலியும். அப்போது இரண்டு கிலோ வாங்கி, கொட்டை நீக்கி உறைபெட்டியில் வைத்துக்கொள்ளலாம். மாம்பழத்தைச் சித்திரைக்கு முன் வாங்காதீர்கள். கார்பைடு கல்லால் பழுக்க வைப்பதைச் சட்டம் தடை செய்திருந்தாலும், பருவத்துக்கு முன் வரும் பழத்தில்தான் அந்த ஐயம் அதிகம். தோல் ஒரே சீரான மஞ்சளாக இருந்து, உள்ளே வெளுத்து, மணமும் இல்லாமலிருந்தால் விட்டுவிடுங்கள்.

5. உண்ணும் நேரம்: பலரும் கோட்டைவிடும் இடம்

எங்கள் வீட்டில் காலைப் பலகாரம் முடிந்த கையோடு டிகிரி காபி வரும். மதியம் கீரைச் சாதம் உண்டு கை கழுவியதும் அரைத் தம்ளர் தேநீர். இருபது வருடப் பழக்கம். தேநீரிலும் காபியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள், கீரையிலும் பயறுகளிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் ஏறவிடாமல் செய்கின்றன; பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் அதற்குத் துணைபோகிறது. நான் தேடித் தேடி உண்டதில் பெரும்பகுதியை நானே குடித்துக் கழுவியிருக்கிறேன். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் ஒரு மணி நேரம் பின்னும் காபியும் தேநீரும் வேண்டாம் என்று மேலே சொன்ன 2024 வழிகாட்டுதலும் சொல்கிறது. காபியை விடச் சொல்லவில்லை, நகர்த்தச் சொல்கிறேன். என் காபி இப்போது காலை ஆறு மணிக்கும் மாலை நாலு மணிக்கும். முதல் பத்து நாள் தலைவலி இருந்தது, பிறகு பழகிவிட்டது.

வைட்டமின் சி இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. தாவர உணவிலுள்ள இரும்பை உடம்பு எளிதில் ஏற்கும் வடிவத்துக்கு அது மாற்றித் தருகிறது. ஆனால் இரண்டும் ஒரே வேளையில் வயிற்றில் இருக்க வேண்டும். காலையில் நெல்லிக்காயும் இரவில் கீரையும் என்றால் பயன் குறைவு. கீரை உண்ணும் மதிய உணவோடு அரைக் கொய்யாவோ, நெல்லிக்காய்த் துவையலோ, பச்சையாக வெங்காயத் தக்காளிப் பச்சடியோ வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை பிழிவதானால் அடுப்பை அணைத்து, சட்டியை இறக்கி, சூடு தணிந்த பிறகு பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் புளிப்பு இருக்கும், வைட்டமின் சியின் பெரும்பகுதி போயிருக்கும்.

கரோட்டின் உள்ளவற்றின் வழி வேறு. அது கொழுப்பில் கரைவது; எண்ணெய் இல்லாமல் உடம்பில் சரியாக ஏறாது. பச்சைக் காரட்டைக் கடிப்பதைவிட, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் தேங்காய்த் துருவலோடு வதக்கிய பொரியல் மேல். தக்காளியிலுள்ள லைகோபீன் என்னும் சிவப்பு நிறமியும் எண்ணெயில் வெந்தால்தான் நன்றாகக் கிடைக்கும். நம் வீட்டுத் தக்காளித் தொக்கு வெறும் நாக்கு ருசி என்று இதுவரை நினைத்திருந்தேன்.

காய்களை நறுக்கும் முன் கழுவுங்கள், நறுக்கிய பின் கழுவினால் சத்து நீரோடு போகும். ஓடும் நீரில் தேய்த்துக் கழுவினால் போதும், சோப்பு வேண்டாம். கீரையை மட்டும் மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் ரசத்தில் சேர்த்துவிடுங்கள்.

சாறு பற்றி ஓர் எச்சரிக்கை. பழத்தைச் சாறாக்கி வடிகட்டினால் நார் போய்ச் சர்க்கரை மிஞ்சும். பல் இருக்கிறவர்கள் கடித்தே உண்ணலாம். சுரைக்காய்ச் சாறு குடிப்பவர்கள் முதலில் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் காயை முழுதாக எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு குக்குர்பிட்டாசின் என்னும் நஞ்சு. கசந்த சுரைச் சாற்றைக் குடித்து நம் நாட்டில் உயிரிழந்தவர்கள் உண்டு. மருந்து கசக்கத்தான் செய்யும் என்று மூச்சைப் பிடித்துக் குடிப்பதுதான் இதில் ஆபத்து.

மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதியிருந்தால் கீரையை நம்பி அதை நிறுத்தாதீர்கள். ஹீமோகுளோபின் 8.7இல் இருந்த எனக்கு உணவு மட்டும் போதாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. மலம் கறுத்துப் போகும், மலச்சிக்கல் வரும். முன்னதற்கு அஞ்ச வேண்டாம், பின்னதற்கு இரவில் பப்பாளி உதவியது. பரிசோதிக்காமல் தாமாக மாத்திரை வாங்கி விழுங்குவது மட்டும் கூடாது. தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாகவே இருக்கும். அவர்களுக்கு இரும்பு தேவையில்லாமலிருக்கலாம், சேர்ந்தால் கேடு.

6. முகத்தில் பூசுவதானால்

இதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. வைட்டமின்களுக்கு வாய்தான் வழி. தோல் என்பது வெளியிலிருப்பதை உள்ளே விடாமலிருக்கவே அமைந்தது. வெள்ளரித் துண்டு கண்ணுக்குக் குளிர்ச்சி தரும், வீக்கம் சற்று வடியும், கருவளையம் போகாது. பழுத்த பப்பாளியைப் பயத்த மாவோடு குழைத்துப் பத்து நிமிடம் பூசிக் கழுவினால் முகம் அன்றைக்கு மென்மையாக இருக்கும். காய்ப் பப்பாளியின் பால் தோலை அரிக்கும்.

எலுமிச்சையைத் தொடாதீர்கள். அதன் புளிப்புத் தோலுக்குத் தாங்காது என்பது ஒன்று. அதிலுள்ள ஃபியூரோகூமரின் என்னும் பொருள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கி, பிறகு மாதக்கணக்கில் கருந்திட்டாக நிற்கும் என்பது மற்றொன்று. என் கன்னத்துத் திட்டு மங்க ஐந்து மாதங்கள் ஆயின. களிம்புக்கும் மருத்துவர் கட்டணத்துக்குமாக 3,800 ரூபாய் போயிற்று. ஒரு எலுமிச்சையின் விலை அன்றைக்கு ஐந்து ரூபாய்.

எதைப் பூசுவதானாலும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். அரைத்ததை அன்றே பூசி, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். வெளியே போகும்போது எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் திறனின் அளவு) 30 உள்ள வெயில்காப்புக் களிம்போ, குடையோ அவசியம். எந்தக் காயும் அதற்கு ஈடாகாது.

7. எத்தனை நாளில் என்ன தெரியும்

விளம்பரங்களில் வரும் ஏழு நாள் கணக்கை மறந்துவிடுங்கள். மூச்சு வாங்குவதும் சோர்வும்தான் முதலில் குறையும். எனக்கு மூன்றாவது வாரத்தில் தெரிந்தது. தோலின் மேலடுக்கு புதுப்பிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், ஆகவே முகத்தில் மாற்றத்தை இரண்டாவது மாதத்தில் எதிர்பாருங்கள். முடி உதிர்வோ, காரணம் ஏற்பட்ட இரண்டு மூன்று மாதம் கழித்துத் தொடங்குவது. நிற்பதும் அதே தாமதத்தோடுதான். சத்து ஏறத் தொடங்கிய பின்னும் சில வாரங்கள் முடி கொட்டும். பலர் இந்தக் கட்டத்தில்தான் மனம் தளர்ந்து வேறு எண்ணெயைத் தேடிப் போகிறார்கள். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு என்பதையும், முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் என்பதையும் நினைவில் வையுங்கள். எனக்கு உதிர்வு குறைந்தது நான்காவது மாதத்தில். நெற்றியோரம் குட்டை முடி முளைத்ததைப் பார்த்தது ஆறாவது மாதத்தில்.

இடையில் உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது என்று பதறாதீர்கள். காரட், பூசணி, பப்பாளி மூன்றையும் அள்ளி அள்ளி உண்டால் கரோட்டின் தோலில் படிந்து அப்படி ஆகும். அளவைக் குறைத்தால் மறையும். கண்ணின் வெள்ளையும் மஞ்சளாக இருந்தால் அது வேறு, உடனே மருத்துவரைப் பாருங்கள்.

மறுபரிசோதனையை மருத்துவர் சொன்ன நாளில் செய்யுங்கள். என்னை ஒரு மாதத்தில் ஹீமோகுளோபினுக்கும், மூன்று மாதத்தில் ஃபெரிட்டினுக்கும் வரச் சொன்னார். முதல் மாத முடிவு 10.1, மூன்றாவது மாதம் 12.3. எண் 12ஐத் தாண்டியதும் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று நினைத்திருந்தேன். சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் தொடர வேண்டும் என்றார். ஒவ்வொரு முறையும் அதே ஆய்வகத்துக்கே போங்கள். ஆய்வகம் மாறினால் எண்களை ஒப்பிடுவது கடினம். பழைய முடிவுகள் அடங்கிய உறையோடு, உங்கள் காபி நேரம் எழுதிய அந்தத் தாளையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.